இருபத்தொரு துண்டு கழுத்துக்கறி

ஐப்பசி பிறந்த ஒன்பதாம் நாள், காற்றுப்பாறை எஸ்டேட்டில் தேயிலைச் செடிகளைக் கழிக்கும் கவாத்து முடிந்த வெள்ளிக்கிழமை, வெட்டிய தேயிலைக் கட்டைகளின் கடைசிப் பாரத்தை இழுத்துக்கொண்டு வந்த மயிலன் என்ற காளை அருவி வளைவில் நின்றது, வழக்கம்போலத் தண்ணீர் குடித்தது, குடித்த பிறகு வண்டியோடு படுத்துக்கொண்டது, அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. வண்டிக்காரர் பொன்னுரங்கம் நாக்கைச் சொடுக்கி மூன்று முறை கூப்பிட்டார். பதினேழு வருடத்தில் அந்தச் சத்தத்துக்கு அது எழாமல் இருந்தது அதுவே முதல் தடவை என்பதால் நாலாவது முறை கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை. டவுனிலிருந்து வந்த மாட்டு டாக்டர் குளம்பைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், விலாவில் காதை வைத்துக் கேட்டார், நோய் என்று ஒன்றும் இல்லை, இது வெறும் களைப்பு, ஆனால் இதற்கு மருந்து கிடையாது என்று சொல்லி, அறுக்கலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பொழுது சாய்வதற்குள் மஸ்தான் பாய் கத்தியோடு வந்து, முறைப்படி வேலையை முடித்து, கறியைப் பங்கு பிரித்து, தொம்மையின் அடுப்பங்கரையில் இறக்கி வைத்தார்.

தொம்மைக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. அஞ்சாம் வகுப்பு வரை படித்தவர், தொரை பங்களாவில் முப்பத்தொரு வருடம் சமைத்தவர், ஆள் கூடும் இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவர், எதையும் எண்ணாமல் கையில் எடுக்காதவர். உப்பை விரலால் கிள்ளிப் போடும் சமையல்காரர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. வருடா வருடம் கவாத்து முடிந்த மறுநாள், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லைன் முழுவதற்கும் ஒரே பாத்திரத்தில் கறி சமைப்பது அவர் பொறுப்பு. கறி கீழே டவுனிலிருந்து வரும், காய் ஒவ்வொரு வீட்டுப் புழக்கடையிலிருந்தும் வரும், விறகு மட்டும் கவாத்தில் வெட்டிய தேயிலைக் கட்டை, ஏனென்றால் அந்தக் கட்டை கொழுந்துவிட்டு எரியாது, உள்ளுக்குள்ளேயே கனிந்துகொண்டு கிடக்கும், எந்த முரட்டுக் கறியும் அந்தச் சூட்டுக்கு ஒரு நாள் இல்லாவிட்டால் மறுநாள் இணங்கித்தான் ஆகவேண்டும்.

அந்த வருடம் கறி எஸ்டேட்டுக்குள்ளேயே கிடைத்துவிட்டது. லைனில் ஐம்பத்தெட்டு வீடு. பால்குடிக் குழந்தைகள் பதினொன்றைக் கழித்தால் இருநூற்று மூன்று பேர். அதில் பொன்னுரங்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாட்டுக்கறி தின்கிறவர்தான், ஆனாலும் பதினேழு வருடம் தட்டிக்கொடுத்த முதுகை எப்படிப் பிட்டு வாயில் வைப்பேன் என்றார். தொம்மை தான் கிளறியதைத் தான் தின்பதில்லை. அவர் மனைவி சலேத்தம்மாள் ஆறு வருடமாக எந்த விருந்துக்கும் உட்காருவதில்லை. மிச்சம் இருநூறு பேர், ஆளுக்கு இரண்டு துண்டு, நானூறு துண்டு. தொடையும் விலாவும் முதுகும் வெட்டி முடித்தபோது சரியாக நானூறு வந்துவிட்டது. கழுத்து தனியாக மிஞ்சியது. வேறு யாராக இருந்தாலும் அதையும் வெட்டிப் பாத்திரத்தில் தள்ளியிருப்பார்கள், கொஞ்சம் கூடக் கிடைத்தால் யாருக்குக் கசக்கும். ஆனால் கணக்கு முடிந்த பிறகு ஒரு துண்டைக்கூடச் சேர்க்க தொம்மைக்குக் கை வராது. நுகம் அழுத்தி அழுத்தித் தோலும் தசையும் ஒன்றாகக் காய்த்துப்போயிருந்த அந்தக் கழுத்தை அவர் இருபத்தொரு துண்டாக வெட்டி, உப்பும் மஞ்சளும் தடவி, சரட்டில் கோத்து, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டார். கோக்கும்போது கீழே விழுந்த ஒன்றை நாய் கவ்விக்கொண்டு ஓடியது. சரட்டில் இருபது நின்றது.

நானூறு துண்டும் மிளகோடும் இஞ்சியோடும் பட்டையோடும் வெள்ளிக்கிழமை மாலை அடுப்பில் ஏறின. மூடியின் விளிம்பில் மாவைப் பிசைந்து ஒட்டினார். சனிக்கிழமை காலை மாவை உடைத்து, முதலில் நூல்கோல், பிறகு கேரட், பிறகு உருளைக்கிழங்கு, கடைசியில் சீக்கிரம் குழைந்துவிடும் மேரக்காய் எனும் சௌசௌ என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் பார்த்துப் போட்டு, கறி கரண்டிக்கு இளகிய பிறகே உப்பைப் போட்டு, மத்தியானம் மூன்று மணிக்குப் பரிமாறினார். சாப்பிட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள், கை கழுவினார்கள், அவரவர் வீட்டுக்குப் போய்ப் படுத்தார்கள், செவ்வாய்க்கிழமை விடியும் வரை ஒரே ஒருவரைத் தவிர யாரும் எழவில்லை.

இப்படித்தான் மயிலனின் களைப்பு காற்றுப்பாறை லைனுக்குள் வந்தது. அதைப் பற்றி லைன்காரர்கள் பின்னால் பேசும்போது யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை, பதினேழு வருடம் இழுத்தது எங்கேதான் போகும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள்.

அந்த இரண்டரை நாளில் லைனில் அப்படித் தூங்கிப்போகாதவர்கள் மூன்றே பேர். தொம்மை வீடு வீடாகப் போய் அடுப்பை அணைத்தார், திறந்து கிடந்த கதவுகளைச் சாத்தினார், ஐம்பத்தெட்டு வீட்டிலும் மூச்சு வருகிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு வந்தார். பொன்னுரங்கம் பதினான்கு பசுக்களையும் பால் கறந்து, ஆடுகளுக்குத் தழை ஒடித்துப் போட்டார். சலேத்தம்மாள் பதினொரு குழந்தைகளையும் பார்த்துக்கொண்டாள். ஒரு குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டுபோய்த் தூங்குகிற தாயின் மார்பில் வைப்பாள், குடித்து முடித்ததும் எடுத்துத் தோளில் போட்டுத் தட்டுவாள், அதற்குள் அடுத்த வீட்டில் இன்னொன்று அழும். தாய்மார்கள் கண்ணைத் திறக்காமலே பால் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு வீட்டு வாசலில் குழந்தையோடு அவள் அசையாமல் நிற்பதை தொம்மை பார்த்தார். உள்ளே தாயும் தகப்பனும் இரண்டு பெண்பிள்ளைகளும் பாயில் ஒருவர் மேல் ஒருவர் கால் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பசித்தவர் பந்தியைப் பார்ப்பதுபோல அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சலேத்தம்மாள் தூங்கி ஆறு வருடம் ஆகியிருந்தது. சுவரில் சாய்ந்து கால் மணி நேரம் கண்ணயர்வாள், அவ்வளவுதான். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகை மழையில் கீழ் லைன் மேல் மலை இறங்கியது. நாலு வீடு போனது. அதில் ஒன்றில் அவர்களுடைய ஒரே மகள் ஜெசிந்தாவும் அவள் கைக்குழந்தையும் இருந்தார்கள். முதலில் சின்னக் கல் நாலைந்து உருண்டது, பிறகு சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று நின்றது, அரை மணி நேரம் கழித்துத்தான் மண் வந்தது என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். அந்த அரை மணி நேரம் மேல் லைனில் சலேத்தம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள். தொம்மையும் தூங்கிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் அதற்குப் பிறகும் தூங்கினார்.

திங்கட்கிழமை காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் இடத்துக்கு, ஒருவரும் வராததைப் பார்த்து, எஸ்டேட் வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் தேவசகாயம் லைனுக்கு இறங்கி வந்தார். அவர் மேலே குவார்ட்டர்ஸில் இருப்பவர், விருந்துக்கு வராதவர். நாலு வீட்டில் தட்டிப் பார்த்தார், ஐந்தாவது வீட்டில் உலுக்கிப் பார்த்தார், பிறகு தொம்மையிடம் என்ன போட்டீர் என்று கேட்டார். மிளகு முந்நூறு கிராம் என்று ஆரம்பித்து தொம்மை ஒவ்வொன்றாகச் சொன்னார். கண்டக்டர் கடைசி வரை கேட்டுவிட்டு, பதிவேட்டில் தூங்குகிறவர்கள் பெயருக்கு எதிரே என்ன எழுதுவது என்று யோசித்து, பெரியவர்கள் பக்கத்தில் காளைக் களைப்பு என்றும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பெயரை வாத்தியாரிடம் விட்டுவிடலாம் என்றும் முடிவு செய்தார்.

விழித்த பிறகுதான் மற்றதெல்லாம் தெரிய வந்தது. எல்லாருக்கும் பிடரிக்குக் கீழே ஒரே இடத்தில் வலித்தது. கொழுந்து மூட்டையோடு போகிற பெண்கள் அருவி வளைவு வந்ததும் சொல்லி வைத்ததுபோல நின்றார்கள், குனிந்து தண்ணீர் குடித்தார்கள், பிறகு நடந்தார்கள். பொன்னுரங்கம் ஏதோ ஞாபகத்தில் நாக்கைச் சொடுக்கியபோது கொழுந்துக்காட்டில் முப்பது பேர் ஒரே நேரத்தில் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தார்கள். அதிலிருந்து அவர் வெற்றிலை போடும்போதுகூட வாயைக் கட்டுப்படுத்திக்கொண்டார். கண்டக்டர் மட்டும் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, மலை ஏறுகிற இடத்தில் அந்தச் சத்தத்தை ஒரு தடவை போட முடியுமா என்று கேட்டதாகவும், அது இழுக்கிற சத்தம் இல்லீங்க, நாங்க பேசிக்கிற சத்தம் என்று பொன்னுரங்கம் சொல்லிவிட்டதாகவும் பேச்சு. பத்து நாளில் வலி போய்விட்டது. அருவி வளைவில் நிற்பது போகவில்லை, இன்றைக்கும் நிற்கிறார்கள்.

தொம்மை இதையெல்லாம் கணக்காக்கினார். பல் இல்லாத சூசை தன் பங்கு இரண்டு துண்டையும் மருமகனுக்குத் தள்ளிவிட்டு வெறும் காயை மட்டும் தின்றிருந்தார். அவர் தூங்கியது அரை நாள். நாலு துண்டு தின்ற மருமகன் தூங்கியது நாலரை நாள். ஆக, ஒரு துண்டில் ஒரு நாள் களைப்பு, காயில் இறங்கியது அரை நாள். கணக்கு சுத்தமாக நின்றது. அந்தச் சந்தோஷத்தில் அவர் நாயை மறந்துபோனார். அது அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, அதாவது முழுதாக ஒன்பது நாள் கழித்து, விறகுக் கொட்டகைக்குள்ளிருந்து விலா எலும்பு தெரிய வெளியே வந்து நின்றபோதுதான், கழுத்தில் ஒரு துண்டு என்பது என்ன என்று அவருக்கு விளங்கியது. மேலே நிமிர்ந்து புகையில் தொங்கிய சரட்டைப் பார்த்தார். இருபது. நூற்றெண்பது நாள்.

விஷயம் வெளியே தெரிய இரண்டு நாள் ஆனது. அப்புறம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி தன் புருஷனுக்கு ஒரு துண்டு கேட்டாள், ஒன்பது நாள் சாராயக்கடை பக்கம் போகாமல் கிடப்பானே என்று. ஒருவன் பல்வலிக்குக் கேட்டான். பரீட்சை முடியும் வரை தூங்கிவிட வேண்டும் என்று பத்தாம் வகுப்புப் பெண்ணொருத்தி கேட்டாள். மாமியாருக்கு அரைத் துண்டு போதும் என்றாள் ஒரு மருமகள், அன்று சாயங்காலமே அந்த மாமியார் வந்து, அவ எதுக்கு வந்தான்னு தெரியும், அவளுக்கு முழுசா ஒண்ணு குடுங்க என்றாள். எல்லாரையும் தொம்மை தலையை ஆட்டியே திருப்பி அனுப்பினார். தூக்கி எறிந்துவிடச் சொன்னார் கண்டக்டர். எங்கே எறிவது? ஆற்றில் போட்டால் கீழே டவுன் தூங்கும், புதைத்தால் நாய் தோண்டும், எரித்தால் புகை எந்தப் பக்கம் போகும் என்று யாருக்குத் தெரியும். ஹலாலா அறுத்த கறியை வீணாக்கக் கூடாது, தொம்மையண்ணே, யாராவது தின்னுதான் தீக்கணும் என்று மஸ்தான் பாய் சொன்னதுதான் கடைசியில் எல்லாருக்கும் சரியாகப் பட்டது. யார் தின்பது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

புதன்கிழமை மத்தியானம் சலேத்தம்மாள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து நூல்கோல் தோல் சீவிக்கொண்டிருந்தாள். வெளியே மழை வரும்போல் இருந்தது. கையை நிறுத்தாமல் சொன்னாள்.

"அந்த இருபதையும் எனக்கு வெச்சிடுங்க."

தொம்மை உலைத்தண்ணீரை அளந்துகொண்டிருந்தார். ஆறாவது செம்பா, ஏழாவது செம்பா என்று அவருக்கு மறந்துபோனது.

"நாயி ஒன்பது நாளுக்கே எலும்பாப் போச்சு, சலேத்து."

"பாத்தேன்."

"இருபதுன்னா நூத்தியெம்பது நாளு. நடுவுல யாரு உனக்குச் சோறு ஊட்டுறது?"

"கணக்கு எனக்கும் தெரியும்," என்றாள் அவள். "தெரிஞ்சுதான் கேக்குறேன். எனக்கு அலுத்துப்போச்சுங்க."

அதில் கோபம் இல்லை, அழுகை இல்லை. ஒரு நூல்கோலைச் சீவி முடித்து, தண்ணீரில் போட்டுவிட்டு, அடுத்ததை எடுத்தாள். தொம்மை அளந்த தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். சரட்டை அவிழ்த்து, இருபது துண்டையும் எண்ணி, ஒரு டின்னில் போட்டு, கக்கத்தில் வைத்துக்கொண்டே திரிந்தார். கொடுக்காவிட்டால் அவள் எடுத்துக்கொள்வாள் என்று தெரியும். ஒளித்து வைக்க அந்த வீட்டில் அவளுக்குத் தெரியாத இடம் கிடையாது, விழித்தே இருக்கிறவளிடம் எதை எப்போது ஒளிப்பது. ஒரு துண்டு கொடுக்கலாம், ஒன்பது நாள் ஒரு மனுஷி தாங்குவாள், வாயோரம் கஞ்சித் தண்ணீர் விட்டால் தாங்குவாள். மிச்சம் பத்தொன்பது இந்த லைனில் எங்கேயாவது இருக்கிற வரைக்கும் அவள் அதைத் தேடிப் போவாள். ஆகவே பத்தொன்பதும் தீர வேண்டும். பத்தொன்பது ஒன்பது நூற்றெழுபத்தொன்று. தன் வீட்டைக் கழித்தால் லைனில் ஐம்பத்தேழு வீடு. வீட்டுக்கு மூன்று நாள். மிச்சம் இல்லாமல் வகுபட்டது. கணக்கு அப்படி வந்து நின்ற பிறகு, இதை லைன் முழுவதன் முன்னால் நின்று தானே கேட்க வேண்டும் என்பது தொம்மைக்குத் தெரிந்துபோனது.

வியாழக்கிழமை காலைப் பெரட்டில், பெயர் கூப்பிட்டு முடிந்ததும், கண்டக்டரிடம் கையைக் காட்டிவிட்டு அவர் முன்னால் போய் நின்றார். பங்களாவில் விருந்தாளிகள் பாராட்டக் கூப்பிட்டபோதெல்லாம் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறவர் அவர். இத்தனை பேர் முகத்தை நேராகப் பார்த்ததே இல்லை. டின்னைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கழுத்தை நாளன்னிக்குச் சமைக்கிறேன். வீட்டுக்கு மூணு கரண்டி. கரண்டிக்கு ஒரு நாளு. நீங்க வாங்கிக்கலைன்னா, என் வீட்டுக்காரி எல்லாத்தையும் தின்னுடுவா."

அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. வந்த களைப்பே இன்னும் முழுதாக இறங்காதவர்கள், சொந்தக் களைப்பும் உள்ளவர்கள், இதற்கு மேல் ஒரு மாட்டின் நுகத்தை ஏன் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று யோசித்திருப்பார்கள். ஆனால் பதினொரு தாய்மார்கள் அங்கே நின்றார்கள். ஆறு வருடமாக அவர்களை வேலைக்கு எழுப்பிவிட்டது யார், காட்டெருமை வந்தால் தகரத்தைத் தட்டியது யார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். சலேத்தம்மாள் விழித்திருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் அந்த லைன் ஆறு மழைக்காலம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியது. சூசைதான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"நல்லா குழைய வேகுமா? எனக்குப் பல்லு இல்ல பாரு."

அதோடு முடிவாகிவிட்டது. அப்புறம் வீட்டுக்குள் யார் யார் படுப்பது என்ற சண்டைதான். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் மூன்று பேருக்குத்தான் கரண்டி, மற்ற இரண்டு பேர் அடுப்பையும் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். எப்போதும் வேலைக்கு முந்துகிற பெண்கள் இந்தத் தடவை படுக்கைக்கு முந்தினார்கள், புருஷன்மார் எங்களுக்குச் சோறு யார் போடுவார்கள் என்று கேட்டுவிட்டு, பதில் வராததால், அரிசி எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். பொன்னுரங்கம் தனி ஆள். மூன்று கரண்டியும் அவருக்கே. நுகத்தைத் தினமும் நான்தானே எடுத்து வெச்சேன், எனக்கு மூணு குறைச்சல்தான் என்றார்.

வியாழன் மாலை அடுப்பு மூண்டது. புகை பிடித்துக் காய்ந்த கழுத்தை முதலில் மூன்று தண்ணீரில் ஊறவைத்து உப்பைப் போக்கினார். பத்தொன்பது துண்டு பெரிய பாத்திரத்தில், ஒரு துண்டு சின்ன மண்சட்டியில். ஐம்பத்தேழு வீட்டிலிருந்தும் காய் வந்தது, கேட்காமலே பூசணியும் ஒருவர் கொண்டுவந்தார். அது இந்தக் கறிக்குச் சேராது என்று திருப்பிக் கொடுத்தார். கழுத்து சுலபத்தில் இணங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை குத்திப் பார்த்தபோது கரண்டியைத் திருப்பித் தள்ளியது. வெள்ளிக்கிழமை மாலை ஓரம் மட்டும் இளகியது. அவர் விறகைக் கூட்டவில்லை, அவசரப்படுத்தினால் கழுத்து இன்னும் இறுகும் என்று தெரியும், ஒரு கட்டை கனிந்து சாம்பலாகும் போது அடுத்த கட்டையை வைத்தார், அவ்வளவுதான். இடையில் அவர் சலேத்தம்மாளின் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவள் சின்னச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கணக்கைக் குறைச்சிட்டீங்க என்று ஒரு தடவை சொன்னாள். அவர் ஆமாம் என்றார். சனிக்கிழமை காலை பத்தொன்பது துண்டும் நூல் நூலாகப் பிரிந்து, காயோடு காயாகக் கரைந்து, எது மாடு எது நூல்கோல் என்று தெரியாமல் போனது. ஏற்றி நாற்பத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. உப்புப் போட்டார்.

மத்தியானம் வரிசையாக வந்தார்கள். தொம்மை நூற்றெழுபத்தொரு கரண்டி ஊற்றினார், ஒவ்வொன்றையும் விளிம்பு மட்டத்துக்கு நிரப்பி, ஒரு சொட்டு வழிந்தாலும் திரும்ப உள்ளே விட்டு, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே ஊற்றினார். கடைசி வீட்டின் மூன்றாவது கரண்டியோடு பாத்திரம் காலியானது. அவரவர் வாங்கிக்கொண்டு போகும்போது எட்டி, உள்ளே உட்கார்ந்திருந்த சலேத்தம்மாளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் ஞாயிறு, வேலை கெடாது. லைன் மெல்ல மெல்ல அடங்கியது.

பிறகு அவர் சின்னச் சட்டியை இறக்கி அவள் முன்னால் வைத்தார். சோறு போட்டார். அவள் கை வைக்கவில்லை.

"சாப்பிட்டா தூங்கிடுவேன்," என்றாள்.

"தூங்கத்தானே சாப்பிடுற."

"தூங்கிட்டா யாரு கேக்குறது?" அவள் பின்பக்கம் மலையைக் காட்டினாள். "கல்லு உருளுறதை. சாக்கடையை. இருபதையும் கேட்டப்போ எனக்கு அந்தப் பயம் இல்ல. அப்ப நான் திரும்பி வர வேண்டியதில்லையே. ஒன்பது நாளுன்னா திரும்ப எந்திரிக்கணும். எந்திரிச்சுப் பாக்கும்போது கீழே ஒண்ணும் இல்லாமப் போயிருந்தா?"

தொம்மை ஆறு வருடமாக அவள் பக்கத்தில் படுத்து, குறட்டை விட்டு, காலையில் எழுந்து, இவள் ஏன் தூங்கமாட்டேன் என்கிறாள் என்று டாக்டரையும் சாமியாரையும் கேட்டவர். அவளைக் கேட்டதில்லை. மாற்றி உட்காரவா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"நான் கேக்குறேன்," என்றார்.

"உங்களுக்குக் காது மந்தம்."

"வெளியில உக்காந்து கேக்குறேன். சாக்கடைக்கிட்ட."

அவள் சட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு சோற்றைப் பிசைந்தாள். கறி பிய்க்கவே தேவையில்லாமல் பிரிந்தது. ஒவ்வொரு வாயாக, எந்த அவசரமும் இல்லாமல், சட்டியின் அடியில் ஒட்டியிருந்ததையும் வழித்துத் தின்றாள். உப்பு சரியா இருக்கு என்றாள். கை கழுவ எழுந்தவளுக்குக் கால் மடங்கியது. அவர் தாங்கிப் பிடித்துப் பாயில் விட்டார்.

தொம்மை ஒரு ஸ்டூலை எடுத்துப்போய்ச் சாக்கடையோரம் போட்டு, சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். முதல் இரண்டு நாள் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை, தண்ணீர்ச் சத்தம் எல்லாம் ஒரே சத்தமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் அதற்குள் நாலு சத்தம் இருப்பது தெரிந்தது. கல்லில் மோதுவது ஒன்று, மண்ணைத் தடவுவது ஒன்று, இலை அடைத்து நின்று வழிவது ஒன்று, வெகு மேலே எங்கோ விழுவது ஒன்று. நாலில் ஒன்று குறைந்தால் எழுந்து லாந்தரோடு போய்ப் பார்த்து, இலையைத் தள்ளிவிட்டு வருவார். இதை ஆறு வருடம் ஒருத்தி தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைக்கும்போது அவருக்கு அழ வரவில்லை, உடம்பு முழுக்க அசதியாக இருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் பொன்னுரங்கம் விழித்து எழுந்து, பிடரியைத் தேய்த்துக்கொண்டே வந்து, வெயில் நேரத்தில் நான் இருக்கிறேன், நீங்கள் இரண்டு மணி நேரம் படுங்கள் என்றார். அப்புறம் தினமும் ஒரு வீட்டிலிருந்து ஒருவர் வந்தார். வெயிலில் மாற்றிக் கொடுத்தாரே ஒழிய மழையில் தொம்மை ஸ்டூலை யாருக்கும் கொடுக்கவில்லை. நாளுக்கு நாலு தடவை உள்ளே போய், சலேத்தம்மாளின் வாயோரம் கஞ்சித் தண்ணீரை எட்டு ஸ்பூன் விட்டார். அவள் முகத்தில் ஆறு வருடமாக நின்றிருந்த ஏதோ ஒன்று ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வந்தது.

ஒன்பதாம் நாள் திங்கட்கிழமை மத்தியானம் அவர் எட்டாவது ஸ்பூனை விடும்போது அவள் கண்ணைத் திறந்தாள். கூரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"மழை பெஞ்சுதா?"

"மூணு மழை," என்றார் தொம்மை. "செவ்வாய், வெள்ளி, நேத்து. நேத்துதான் பெருசு. கல்லு ரெண்டு உருண்டுச்சு. ரெண்டும் சின்னது, போய்ப் பாத்தேன். சாக்கடை நிக்கல."

அவள் அதை மனதுக்குள் சரி பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் கிடந்தாள். வெளியே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நாலு சத்தமும் இருந்தது. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, போர்வையைத் தோள் வரை இழுத்துக்கொண்டாள். தொம்மை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதற்குள் அவள் தூங்கியிருந்தாள்.

அவர் எழுந்து டின்னைத் திறந்து பார்த்தார், மண்சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார், சரட்டைக்கூட விரலால் தடவிப் பார்த்தார். மயிலனுடையது ஒரு நூல்கூட மிச்சம் இல்லை. இந்தத் தூக்கம் எத்தனை நாளுக்கு என்று சொல்ல அவரிடம் கணக்கு எதுவும் இல்லை. கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, மறுபடியும் ஸ்டூலில் போய் உட்கார்ந்தார்.